சிக்னலில் நின்றுபோகும் பழைய கார்: சென்சாரை மாற்றும் முன்

'பிளக் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, இன்னும் சிக்னல்ல ஆஃப் ஆகுது.' பதினைந்து, இருபது வருடம் ஓடிய கார்களைக் கொண்டுவருபவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது வண்டி திடீரென்று நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படி வரும் வண்டிகளில் நான் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று த்ராட்டில் பொசிஷன் சென்சார். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய் முடியும் இடத்தில், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி இருக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள் அதை இழுத்துத் திறக்கும் வண்டிகளில், பெரும்பாலும் கேபிள் மாட்டியிருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், த்ராட்டிலைத் திருப்பும் தண்டின் முனையில், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் சின்ன கறுப்புப் பெட்டிதான் சென்சார். பொதுவாக மூன்று ஒயர். பக்கத்திலேயே, மிதிக்காதபோது இன்ஜின் நிற்காமல் காற்று விடும் ஐடில் மோட்டாரும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்லதைக் கழற்றிவிடுகிறார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் பழங்கால வண்டியில் இந்த சென்சாரைத் தேட வேண்டாம், பொதுவாக இருக்காது.

உள்ளே ஒரு கார்பன் தடம், அதன்மேல் உரசிப்போகும் ஒரு முள். நம் ஊர் நெரிசலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்தே ஓட்டுகிறோம். அதனால் தடத்தின் ஆரம்பப் பகுதிதான் முதலில் தேயும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் வண்டி அண்ணா சாலை சிக்னலில் மக்கர் செய்வது இதனால்தான்.

வேலை கற்ற புதிதில் ஒரு பெரியவரின் காருக்குப் புது சென்சார் மாட்டினேன். மறுவாரமே அதே கோளாறு. தவறு சென்சாரில் ஒயரைச் செருகும் கனெக்டரில், அதன் உலோகப் பின்னில் பச்சைத் துரு பிடித்திருந்தது. அவர் பணம் வீணானது இன்னும் உறுத்துகிறது. கடல் காற்றும் மழை வெள்ளமும் உள்ள ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றால் கனெக்டரைத்தான் முதலில் பாருங்கள்.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், கனெக்டரைக் கழற்றாமல், சென்சார் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும் சிக்னல் ஒயரில் அளக்க வேண்டும். மிதிக்காதபோது சுமார் 0.5 வோல்ட், முழுக்க மிதித்தால் சுமார் 4.5. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். மெதுவாக மிதிக்கும்போது சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் போய்விட்டது. கம்ப்யூட்டரிலிருந்து சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளையே வரவில்லை என்றால் பழுது ஒயரிங்கில் அல்லது கம்ப்யூட்டரில்; சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூ இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். ஸ்க்ரூ துளை நீளவாக்கில் இருந்தால் பழைய சென்சார் நின்ற இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதியதை அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் வோல்ட்டுக்குத் திருப்பித்தான் இறுக்க வேண்டும். த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் அப்போதே துடைத்துவிடலாம்.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி வாங்கலாம். பழைய சென்சார் மட்டும் வேண்டாம். அதுவும் ஏற்கெனவே தேய்ந்த தடம்தான். புதியதை மாட்டியதும் மல்டிமீட்டரை உங்கள் கண்முன் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.