ஜாக் ரசல் குட்டி வாங்கும் முன் அதன் பரம்பரைத் தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாய்ப் பயிற்சியாளராக எனக்கு வரும் அழைப்புகளில், ஜாக் ரசல் டெரியர் வைத்திருப்பவர்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "சின்ன நாய், ஃப்ளாட்லயே வச்சுக்கலாம்னு சொன்னாங்க சார், இப்ப சோஃபாவையே பிச்சுப் போட்டுடுச்சு, நாள் முழுக்கக் குரைக்குது." சிலர் எட்டு, ஒன்பது மாதத்திலேயே அலுத்துப்போய் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். அந்த நாய் எந்தத் தப்பும் செய்யவில்லை. தன் தாத்தன் பாட்டன் செய்த வேலையைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது, அந்த வேலை என்னவென்று வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

அது என்ன வேலை? இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரசல் என்ற பாதிரியார் நரி வேட்டையில் பைத்தியமாக இருந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1819-இல், ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். அதிலிருந்துதான் இந்த வகையின் கதையைத் தொடங்குவது வழக்கம். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நரி வளைக்குள் பதுங்கிவிட்டால் இந்த நாய் பின்னாலேயே இறங்க வேண்டும், நரியைக் கொல்லாமல், இடைவிடாமல் குரைத்து வெளியே துரத்த வேண்டும், மேலே நிற்பவர்கள் அந்தக் குரைப்பை வைத்துத்தான் நாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். வளைக்குள் நுழைகிற அளவு இருக்கிறதா என்று பார்க்க, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளால் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். கண்காட்சிகளில் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இருட்டில், மண்ணுக்கடியில், ஒரு நரிக்கு எதிரில் நிற்கும் நாய்க்கு யாரும் கட்டளை கொடுக்க முடியாது, தானே முடிவெடுக்க வேண்டும், பயந்து பின்வாங்கவும் கூடாது. தோண்டுவது, குரைப்பது, கூப்பிட்டால் காதில் வாங்காதது, இந்த மூன்றையும் மனிதர்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அதனால்தான் இதை அடித்துப் பழக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பேப்பரைச் சுருட்டி அடித்தால் சில நாய்கள் ஒடுங்கிப்போகும், இது திரும்பிக் கடிக்கவும் கூடும், ஏனென்றால் எதிர்த்து நிற்கத்தான் இதை வளர்த்தார்கள்.

சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டில் இரண்டு வயது ஆண் நாய் ஒன்று. கீழே இறங்கினால் மழைநீர் வடிகால் மூடிக்கு நேராகப் போய்விடும். நான் போன அன்று பார்த்தேன், ஒரு முன்னங்கால் தூக்கியபடி, மூக்கு மூடியின் இடுக்கில், வால் நுனி மட்டும் துடிக்கிறது, உள்ளே பெருச்சாளி இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயர் சொல்லிப் பதினோரு முறை கூப்பிட்டார், காதுகூடத் திரும்பவில்லை. கூப்பிடக் கூப்பிட அந்தப் பெயருக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. நிறுத்தச் சொன்னேன். இழுக்காமல், பேசாமல், பெல்ட்டைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏழெட்டு நிமிடம் கழித்து ஒரு கணம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அந்தக் கணத்திலேயே "சபாஷ்", ஒரு துண்டு வேகவைத்த சிக்கன், உடனே "போ, பாரு" என்று மறுபடி வடிகாலுக்கே அனுப்பச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். ஆனால் அந்த நாய்க்கு சிக்கனைவிடப் பெரிய பரிசு அந்த வடிகால்தான், அது உங்கள் வழியாகத்தான் கிடைக்கும் என்று புரிந்துவிட்டால் உங்களைப் பார்க்கத் தொடங்கும்.

இன்னொன்று, நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. அப்பா "கம்" என்பார், பிள்ளைகள் "கம் ஹியர்", பாட்டி "வாடா கண்ணு". நாய்க்கு இது மூன்று வெவ்வேறு சத்தம். ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், எந்த மொழியானாலும் சரி. முப்பதடிக் கயிறு கட்டித் திறந்த இடத்தில் பழக்குங்கள், வந்த நாயை ஒருநாளும் திட்டாதீர்கள், குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் பந்து. களைத்துப்போகட்டும் என்று அரைமணி நேரம் விடாமல் எறிகிறார்கள், நாய்க்கு வெறிதான் ஏறுகிறது, ராத்திரி பத்து மணிக்கும் பந்தைக் கொண்டுவந்து காலடியில் போடும். அதைவிட ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணல் நிரப்பிப் பால்கனியில் வையுங்கள், அதன் சாப்பாட்டில் பாதியை அதற்குள் புதைத்துவிடுங்கள். இருபது நிமிடம் தோண்டித் தேடிய நாய் தானாகப் போய்ப் படுத்துவிடும். காலை நடைக்கு வெயில் ஏறும் முன்னே கிளம்புங்கள், அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள்.

எலி விஷயத்தில் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், நாய்க்கு வரும், நாயிடமிருந்து வீட்டு மனிதர்களுக்கும் வரலாம். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். எலி மருந்தையோ மருந்து தின்ற எலியையோ கவ்விவிட்டது என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள், பல எலி மருந்துகளில் ரத்தக்கசிவு சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அன்றே ஓடுங்கள். புதர் இருக்கும் இடத்தில் பெல்ட்டை அவிழ்க்கவே வேண்டாம், பாம்பைப் பார்த்தால் மற்ற நாய்கள் விலகலாம், டெரியர் நேரே பாயும்.

இந்த வகையில் கண்ணின் லென்ஸ் இடம் நகரும் பரம்பரைக் குறை உண்டு, மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும், விற்பவரிடம் கேளுங்கள். வளர்ந்த நாயின் கண் திடீரென்று சிவந்தாலோ மங்கலானாலோ அது அவசரம், ஒருநாள் தாமதத்தில் பார்வை போகலாம். வெள்ளை அதிகமுள்ள குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை, வாங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பாருங்கள், குட்டி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துவிடுங்கள்.

அந்த வடிகால் நாய் மூன்று மாதத்தில், பத்து முறை கூப்பிட்டால் ஏழெட்டு முறை திரும்பி வருகிறது. அணிலைப் பார்த்தால் இன்னும் குரைக்கிறது, அதை நிறுத்துவேன் என்று நான் அவர்களிடம் சொல்லவும் இல்லை.