புகையிலைப் பையும் பத்து மணிப் பசியும்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்த்து வருகிறேன். புகையிலை போடுபவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தால், அது புற்றுநோயாக மாறக்கூடும் என்று படம் காட்டி விளக்குவேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அடுத்த முறை வரும்போது படலம் அப்படியே இருக்கும்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியிடம் இரண்டு ஆண்டுகள் இப்படியே பேசினேன். அவருடைய அண்ணன் வாய்ப்புற்றுநோயில் இறந்தவர். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவரே இவர்தான். புகையிலையின் கேட்டை அவருக்கு நான் சொல்லித் தர என்ன இருந்தது? ஒருநாள் அறிவுரையை விட்டுவிட்டு, "எந்த நேரத்துல போடுவீங்கம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"பத்து மணிக்குக் கொழுந்தை எடை போட்டுட்டு உக்காந்தா பசி வந்துரும் டாக்டரம்மா. இதைக் கன்னத்துல அதக்கிக்கிட்டா மத்தியானம் வரைக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே பையிலதான் எடுப்போம்" என்றவர், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துக் காட்டினார். உள்ளே இரண்டு வாடிய வெற்றிலைகளும், கைபட்டுப் பட்டு எழுத்தழிந்த சுண்ணாம்பு டப்பியும் இருந்தன.

நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்தும் என்பதைப் பாடமாகப் படித்தவள்தான் நான். ஆனால், விடியற்குளிரில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டு மலையேறும் ஒருவருக்கு அது காலை உணவின் வேலையைச் செய்கிறது என்பதும், ஒரே பையில் கைவிடும் உறவும் அதில் கலந்திருக்கிறது என்பதும் அன்றுதான் உறைத்தன. ஒரு நடத்தைக்குத் திறன், வாய்ப்பு, உந்துதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்று நடத்தை ஆய்வாளர் சூசன் மிச்சி குழுவினர் 2011-ல் வகுத்துக் காட்டினர். நானோ அச்சத்தைத் தூண்டி உந்துதலை மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து மணியை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் கொண்டுபோகலாம் என்ற யோசனையை அவரேதான் சொன்னார். புகையிலையை விட்ட முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும், பிறகு மெல்லத் தணியும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு சாவு வீட்டில் மறுபடி போட்டுவிட்டார். வெட்கப்பட்டு ஒரு மாதம் என்னிடம் வரவில்லை. "ஒருமுறை தொட்டாலும் எல்லாம் பாழ்" என்று முன்பு நான் சொல்லியிருந்ததே அதற்குக் காரணம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டனில் பழக்கங்களை ஆராயும் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய பழக்கம் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒருநாள் தவறுவது அதைப் பெரிதாகக் குலைப்பதில்லை என்றும் தெரியவந்தது. கடலைப் பை மறுநாளே மீண்டும் இடுப்பில் ஏறினால் போதும் என்று அவரிடம் அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அவர் கடைசியாகப் புகையிலையைத் தொட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. படலம் மங்கியிருக்கிறது, முழுதும் மறையவில்லை, தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவரோடு அமர்பவர்களில் இருவர் இன்னும் போடுகிறார்கள். அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போய், பத்து மணிக்கு அவர்களோடு உட்காரப் போகிறேன்.