முயலுக்கு மீசை முளைத்த நாள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) அந்தப் பக்கம் முழுக்கச் செம்பனைத் தோட்டம். வீடு மாறிப்போன ஒரு குடும்பத்திடமிருந்து மகள் ஒரு முயலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு மாதம் இருக்கும், பெண் முயல். கூண்டில் இன்னொன்றும் கூடவே இருந்ததாம், "அதுவும் பொண்ணுதான்" என்றார்கள். முயல் விஷயத்தில் இந்த வார்த்தையை நம்பவே கூடாது. குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் பழகியவர்களே ஏமாந்துபோவார்கள், சின்ன ரகம் என்றால் 4 மாதத்திலேயே சினை பிடித்துவிடும்.

வந்து 16ஆம் நாள் காலை, போட்ட நேப்பியர் புல்லைத் தின்னாமல் வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் முறுக்கு மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூலையில் கொண்டுபோய்ப் போட்டது. அப்புறம் தாடைக்குக் கீழே தொங்குகிற மடிப்பிலிருந்து முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி அதன் மேல் பரப்பியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே குட்டி போட்டுரும் பாரு தம்பி" என்றார்.

போடவில்லை.

மாடு, ஆடு போல முயலுக்கு இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பருவக் கணக்குக் கிடையாது. முட்டை சூலகத்திலேயே காத்திருக்கும். இணை சேர்ந்த பிறகுதான் மூளையிலிருந்து ஹார்மோன் பாய்ந்து, சுமார் 10 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். இந்தக் குணத்தை வைத்துத்தான் 1931இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் லாஃபமும் பெண்களுக்கான கர்ப்பப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அப்புறம் அதை அறுத்துச் சூலகத்தைப் பார்ப்பார்கள். ஆணோடு சேராத முயலின் சூலகத்தில் முட்டை வெளிவந்த அடையாளம் இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். (விடை எதுவாக இருந்தாலும் முயல் காலி, பாவம்.)

சிக்கல் என்னவென்றால், அந்த ஹார்மோனைத் தூண்ட ஆண்தான் வேண்டும் என்றில்லை. இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலே போதும். முட்டை வந்துவிடும், கரு இருக்காது, ஆனால் உடம்புக்கு அது தெரியாது, இதுதான் பொய்ச்சினை. முட்டை இருந்த இடம், சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்க ஆரம்பித்துவிடும். கரு இல்லையென்றால் 16 முதல் 18 நாளில் அந்தச் சுரப்பு அடங்கும், இருந்தால் பிரசவம் நெருங்கும்வரை, அதாவது 31 நாள் வாக்கில்தான் இறங்கும். அது இறங்கி, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும்போது முடி தளர்ந்து கையோடு வரும், கூடு கட்டுகிற வேகமும் பிறக்கும். ஆக, பொய்ச்சினைக்கும் நிஜச்சினைக்கும் மீசை ஒரே மீசைதான், தேதிதான் வேறு.

எங்கள் முயல் கிளம்புகிற அன்று அந்த இன்னொரு முயலோடு சேர்ந்திருந்தால், 16ஆம் நாள் மீசை பொய்ச்சினைக்குச் சரியாகப் பொருந்தும். அது உண்மையில் ஆணாக இருந்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே சேர்ந்திருந்தால் நிஜச்சினைக்கும் பொருந்தும்! அதனால் வந்த நாளிலிருந்து 32ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பதுதான் வழி. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். 10 முதல் 14 நாளுக்குள் கரு திராட்சை மாதிரி கையில் தட்டுப்படும் என்பது உண்மைதான், ஆனால் அது கால்நடை மருத்துவரின் கைக்குத்தான், நம் கைக்கு இல்லை.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முயல் உள்ளே திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி, அதில் காய்ந்த புல். பிடுங்கிய முடியைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடாதீர்கள், குட்டிக்குப் போர்வை அது. செம்பனை மரத்தடியில் புல் அறுக்கவே வேண்டாம், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். முயலுக்கு வியர்க்காது, சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் இறங்கும், நம் ஊர் மத்தியான வெயிலில் 30 டிகிரி தாண்டினால் திணறிவிடும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் வந்து சாய்ந்துகொள்ளும். சினையாக இருக்கிறதோ இல்லையோ, அரை நாள் தின்னாமல் கிடந்தாலே நாளை பார்ப்போம் என்று இருக்காமல் ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

குட்டி வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாய் குட்டிகளோடு படுக்காது. நாளைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை வரும், ஐந்து நிமிடம்கூட நிற்காது, போய்விடும். கல்நெஞ்சம் இல்லை, தன் வாசனை நரியைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்ற காட்டுப் பழக்கம். பாலில் கொழுப்பு மாட்டுப்பாலைப் போல மூன்று மடங்கு, அது ஒரு நாளுக்குத் தாங்கும். கண் திறக்க 10 நாள் ஆகும் குட்டி, இருட்டில் பால் காம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தப் பாலிலேயே ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது, அது மூக்கில் பட்டதும் குட்டி தலையை ஆட்டித் தேடி வாயால் பிடித்துக்கொள்ளும். 2003இல்தான் அது எந்தப் பொருள் என்றே கண்டுபிடித்தார்கள். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், நம் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் சும்மா.

எங்கள் வீட்டில் இன்று 24ஆம் நாள். மீசை வைத்த மூன்றாம் நாளே அதை எடுத்துவிட்டது, கூட்டுப் புல்லில் பாதியைத் தின்றும் தீர்த்துவிட்டது. அக்கா மட்டும் தினமும் வேலியோரம் வந்து, "போட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.