ஆப்பிள் மரத்தடியில் ஊதா நிழல்

காமில் பிஸ்ஸாரோ 1888-இல் வரைந்த ‘ஆப்பிள் அறுவடை’ இப்போது அமெரிக்காவில், டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 74 செ.மீ., உயரம் 61 செ.மீ., அவ்வளவுதான். பிரான்ஸில் அவர் குடியிருந்த எராஞி கிராமத்தில் சுள்ளென்ற வெயில். ஒருவர் நீளக் கழியால் மரத்தை உலுக்க, பெண்கள் கீழே விழுந்த பழங்களைப் பொறுக்குகிறார்கள். மரத்தடி நிழலைக் கிட்டப்போய்ப் பார்த்தால் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, பச்சை எனச் சின்னச் சின்னத் தீற்றல்கள்தான். நிழலுக்குக் கறுப்பைக் குழைத்துப் பூசும் பழைய வழக்கம் இங்கே செல்லவில்லை.

இந்தப் பாணிக்கு நியோ-இம்ப்ரெஷனிசம் என்று பெயர். இதைத் தொடங்கியவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா. அவரைவிட ஏறக்குறைய 30 வயது மூத்தவரான பிஸ்ஸாரோ, 1885-இல் அவரைச் சந்தித்த பிறகு தன் தூரிகைப் பழக்கத்தையே மாற்றிக்கொண்டார். அந்த வயதில் அது பெரிய துணிச்சல்.

‘புள்ளிகள் கண்ணில் கலந்து புது நிறம் ஆகின்றன’ என்றுதான் இதற்கு வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். பாதிதான் சரி. சாதாரணக் கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. ஒரு தீற்றல் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது பக்கத்துத் தீற்றலோடு முழுதாகக் கரைய நாம் சுமார் 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மொத்தப் படமும் நீட்டிய கையின் இரண்டு கட்டைவிரல் அகலம்தான் தெரியும். அப்படி யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு மூன்று மீட்டரில்தான் நிற்போம். அந்தத் தூரத்தில் புள்ளிகள் முழுதாகக் கலப்பதும் இல்லை, தனித்தனியாக நிற்பதும் இல்லை. வெளிச்ச வேறுபாட்டைப் பிரித்தறியும் அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பிரிப்பதில்லை. அதனால் நிறங்கள் முதலில் கசிந்து ஒன்றாகின்றன, வெளிர்ப்புள்ளிக்கும் அடர்புள்ளிக்குமான வேறுபாடு மட்டும் மிஞ்சி நிற்கிறது. படம் மினுமினுப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. புள்ளிகளாக வைத்தால் வெளிச்சம் கூடிவிடும் என்பார்கள். கைபேசித் திரையில் சிவப்பும் பச்சையும் தாமே ஒளிர்வதால் ஒளியோடு ஒளி சேரும். கான்வாஸ் தானாக ஒளிராது, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே. மஞ்சள் 60 சதவீதமும் நீலம் 10 சதவீதமும் திருப்பி அனுப்புவதாகக் கொள்ளுங்கள். இரண்டையும் சரிபாதியாகப் புள்ளியிட்டால் கிடைப்பது சராசரி: 35 சதவீதம். கிடைக்கும் நிறமும் பச்சை அல்ல, பெரும்பாலும் சாம்பல் சாயல்தான். அதே இரண்டையும் தட்டில் குழைத்தால் ஒன்று விடும் ஒளியை மற்றொன்று விழுங்கி, எஞ்சிய பச்சை மட்டும் மங்கலாக வரும். ஆகப் புள்ளி முறையில் வெளிச்சம் கூடுவதில்லை. குழைத்தால் வரும் இழப்பு தவிர்க்கப்படுகிறது.

சரி, நிழல் ஏன் ஊதா? இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது இயற்பியல். மரம் மறைப்பது சூரியனைத்தான், வானத்தை அல்ல. நீல வானத்தின் ஒளி நிழலுக்குள் தாராளமாக விழுகிறது. இரண்டாவது நம் மூளையின் வேலை. பாரிஸின் கோப்லன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பின் வீரியத்தைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டின. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்று 1839-இல் நூலாகவே எழுதினார். மஞ்சள் வெயிலை ஒட்டிய நிழல், மஞ்சளின் எதிர்நிறமான ஊதாப் பக்கம் சாய்ந்து தெரிவது இதனால்தான். பிஸ்ஸாரோ அந்தச் சாய்வை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார். பதிலுக்கு அந்த ஊதா, வெயில்பட்ட புல்லின் மஞ்சளைத் தூக்கிவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு தீற்றலையும் யோசித்து யோசித்து வைப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடும், மனத்தில் பட்ட உணர்வும் ஆறிவிடும். இந்த மந்தம் பிடிக்காமல் 1890-ஐ ஒட்டிப் பிஸ்ஸாரோ புள்ளி முறையைக் கைவிட்டு, தன் பழைய வேகத் தூரிகைக்கே திரும்பினார்.