சாயும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாத ஆணியும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லாப் ஸ்டீல் கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இரும்பை நேராக வைத்து வாசித்தால் இனிமையாக இருக்கிறது. சாய்த்து வைத்தால் ஐந்தாவது ஃப்ரெட்டில் சரியாக வருகிறது. அதே சாய்வோடு பத்தாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் அபஸ்வரம். குறை கையிலா, கருவியிலா?"

இரண்டிலும் இல்லை. "அதே சாய்வோடு" என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்டீல் கிட்டாரில் ஒரே சாய்வு இரண்டு இடங்களில் ஒரே இசையைத் தராது. ஏன் தராது என்பதற்குப் பத்தாம் வகுப்பு வடிவியலே போதும். அந்த வடிவியலில் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளியைக் காட்டத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கருவி. ஸ்டீல் கிட்டாரில் 'ஸ்டீல்' என்பது உடம்பு அல்ல, இடது கையில் பிடிக்கும் இரும்பு உருளை. அதை 'பார்' என்பார்கள். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, உயர்த்திக் கட்டிய கம்பிகள் மேல் இந்த பாரை வைத்து வழுக்க வேண்டும். விரலால் கம்பியைப் பலகையோடு அழுத்துவதே கிடையாது. பலகையில் ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும், அதாவது ஒவ்வோர் அரை ஸ்வரப் படிக்கும், ஒரு குறுக்குக் கோடு இருக்கும்; அதுதான் ஃப்ரெட். கம்பிகளைத் தலைப்பக்கத்தில் தாங்குவது நட்டு, மறுகோடியில் தாங்குவது பிரிட்ஜ். ஹவாய்த் தீவுகளில், ஓவாஹுவின் லாயி என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் 1889-வாக்கில் இந்த முறையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவே இந்த ஒலிக்கு மயங்கியது. பழைய இந்திப் பாடல்களின் இடையிசையில் குழைந்து வரும் 'ஹவாயன் கிட்டார்' இதுதான். நம் கோட்டுவாத்தியமும் இதே தத்துவம்தான். ஆனால் அதில் பாட்டு ஒற்றை இழையாகப் போவதால் கட்டையைச் சாய்க்க வேண்டிய தேவை எழுவதில்லை.

ஸ்டீல் கிட்டாரில் அந்தத் தேவை ஏன் வந்தது? ஹவாய் இசையில் இரண்டு ஸ்வரங்கள் ஜோடியாகச் சேர்ந்து நடக்க வேண்டும். சாதாரணக் கிட்டாரில் நான்கு விரல்களை நான்கு இடங்களில் வைக்கலாம். இங்கே இருப்பது ஒரே ஒரு நேரான இரும்பு. அதை நேராக வைத்தால் எல்லாக் கம்பிகளும் ஒரே ஃப்ரெட்டில்தான் பேசும்.

சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதுதான். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதிலிருந்து ஆறாவதாக வரும் ஸ்வரத்தைச் சேர்த்து வாசிப்போம். ஸ–த, இடைவெளி 9 ஸ்வரஸ்தானம். ரி–நி, அதுவும் 9. க–மேல் ஸ, 8. ம–மேல் ரி 9, ப–மேல் க 9, த–மேல் ம 8, நி–மேல் ப 8. ஆக நான்கு இடத்தில் ஒன்பது, மூன்று இடத்தில் எட்டு. இப்போது ஸ்டீல் கிட்டாரில் மிகவும் புழங்கும் சி-சிக்ஸ்த் சுருதி அமைப்பில் ஐந்தாம் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் பாருங்கள். ஐந்தாவது 'இ' (E) என்ற ஸ்வரம், இரண்டாவது அதற்கு மேலுள்ள 'சி' (C). இடைவெளி 8. பாரை நேராக வைத்து எங்கே தள்ளினாலும் எட்டு எட்டாகத்தான் வரும். அந்த நான்கு ஒன்பதுகளுக்கு என்ன செய்வது? இரண்டாம் கம்பியின் பக்கத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் முன்னால், பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளி, பாரைச் சாய்க்க வேண்டும். ஸ்லாண்ட் என்பது இவ்வளவுதான்.

சரி, எவ்வளவு சாய்ப்பது?

கம்பியின் நீளம் பாதியானால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது தெரிந்ததே. அந்த ஏற்றத்தைப் பன்னிரண்டு சமமான படிகளாக்கினால், ஒவ்வொரு படிக்கும் நீளத்தை 1.0595-ஆல் வகுக்க வேண்டும். வகுப்பது என்பதால், பிரிட்ஜை நெருங்க நெருங்க ஃப்ரெட் கோடுகளும் நெருங்குகின்றன. கம்பியின் நீளம் இருபத்திரண்டரை அங்குலம், அதாவது 571.5 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் ஐந்தாம் கோட்டுக்கும் ஆறாம் கோட்டுக்கும் நடுவே 24 மி.மீ. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே 18 மி.மீ. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 9.5 மி.மீ. என்றால், ஐந்தாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு 28.5 மி.மீ. அது எங்கும் மாறுவதில்லை. அகலம் மாறாமல் நீளம் மட்டும் சுருங்கினால் கோணம் மாறித்தானே ஆகவேண்டும்? ஐந்தாம் ஃப்ரெட்டில் பாரை 40 பாகை சாய்க்க வேண்டும், பத்தாவதில் 32 பாகை, பன்னிரண்டாவதில் 29. ஐந்தாவதின் சாய்வை அப்படியே பத்துக்குக் கொண்டுபோனால் இரண்டாம் கம்பியில் பார் 6 மி.மீ. கூடுதலாக முன்னே போய் நிற்கும். ஓர் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிசகு. வாசகர் கேட்ட அபஸ்வரம் இதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒரு கோணம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஆகிவிடும். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாலை வெறும் காகிதத்தில் இந்தக் கோடுகளை அளந்து வரைந்து பார்த்தேன். கம்பிகளை இரண்டு இணைகோடுகளாகப் போட்டு, முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாச் சாய்வுகளையும் அளவுகோலால் இழுத்து, கம்பிகளைத் தாண்டியும் நீட்டினேன். பன்னிரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன.

கோணங்கள் பன்னிரண்டு, ஆனால் புள்ளி ஒன்றே ஒன்று. அது கிட்டாருக்கு வெளியே, பிரிட்ஜின் கோட்டை வாசிப்பவருக்கு எதிர்ப்பக்கமாக நீட்டினால் வரும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஆணி அடித்து, அதில் நூலைக் கட்டி, நூலை விறைப்பாகப் பிடித்துக் கம்பிகளின் குறுக்கே காற்றாடி இறக்கை போலச் சுற்றினால், நூல் நிற்கும் ஒவ்வொரு நிலையும் பிசகில்லாத ஒரு ஃப்ரெட் சாய்வு.

காரணம் வடிவொத்த முக்கோணங்கள். ஆணி, பிரிட்ஜில் கம்பி இருக்கும் இடம், கம்பியை நூல் வெட்டும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். ஐந்தாம் கம்பிக்கு ஒரு முக்கோணம், இரண்டாம் கம்பிக்கு அதற்குள்ளேயே ஒரு சின்ன முக்கோணம். நூலை எப்படிச் சுற்றினாலும் இரண்டும் வடிவொத்தவை. ஆகவே இரண்டு கம்பிகளிலும் ஒலிக்கும் நீளங்களின் விகிதம், ஆணியிலிருந்து அந்தக் கம்பிகள் இருக்கும் தூரங்களின் விகிதமேதான். அது மாறாது. காதுக்குத் தேவையும் மாறாத விகிதம்தான்! ஒரு ஸ்வர இடைவெளி என்பதே இரண்டு நீளங்களுக்கு நடுவிலுள்ள விகிதம். வித்தியாசத்துக்கு அதில் வேலையே இல்லை. ஆணி எங்கே என்று கணக்குப் போட்டால், ஐந்தாம் கம்பியிலிருந்து, இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தின் 17.8 மடங்கு தள்ளி வருகிறது. 28.5 மி.மீ.-க்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர். கிட்டாரின் நீளம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? குட்டைக் கிட்டாரானாலும் நெட்டைக் கிட்டாரானாலும் கம்பிகளின் நெருக்கம் ஒன்றாக இருந்தால் ஆணியும் அதே இடம்தான். (கம்பிகள் இணையாக ஓடாமல் நட்டுப் பக்கம் குறுகும் கிட்டார்களில் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் கொஞ்சம் நகரும்.)

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 17.8 என்பது பியானோவைப் போல ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாக வெட்டியதால் வந்த எண். ஸ்டீல் கிட்டாரில் ஃப்ரெட் என்பது பலகையில் கிழித்த வெறும் கோடு, கம்பி அதைத் தொடுவதே இல்லை. எனவே தம்பூராவிலிருந்து தானாக எழும் காந்தாரம் போன்ற சுத்தமான ஸ்வரங்களை இதில் எடுக்க முடியும். எட்டு ஸ்தான இடைவெளியின் சுத்தமான விகிதம் 8:5. ஒன்பதுக்கு 5:3. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 25/24. கம்பிகளைக் காதால் சுத்தமாகச் சேர்த்துவிட்டு அந்த விகிதத்துக்குச் சாய்க்க வேண்டுமென்றால் ஆணி எங்கே நிற்க வேண்டும்? சரியாக 25 மடங்கு தூரத்தில். 17.8 என்ற ஒழுங்கற்ற எண் போய் முழு எண் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதிலிருந்து பயிற்சிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இனிமையான ஸ்லாண்ட், கோட்டிலிருந்து கோட்டுக்குச் சாய்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். டியூனர் வைத்துக் கம்பிகளைச் சேர்த்துவிட்டு, ஐந்தாம் கம்பியில் ஐந்தாம் கோடு, இரண்டாம் கம்பியில் ஆறாம் கோடு என்று அச்சாக வைத்து மீட்டிப் பாருங்கள். 220 ஹெர்ட்ஸும் 370 ஹெர்ட்ஸும் ஒலிக்கும். ஒவ்வொரு கம்பியும் தன் ஸ்வரத்தின் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். கீழ் ஸ்வரத்தின் ஐந்தாம் மடங்கு 1100, மேல் ஸ்வரத்தின் மூன்றாம் மடங்கு 1110. இந்த இரண்டும் உரசுவதால் நொடிக்குப் பத்து முறை ஒலி நடுங்கும். பாரின் முனையை மட்டும் நட்டுப் பக்கமாக மெல்ல இழுங்கள். நடுக்கம் எட்டு, ஐந்து, இரண்டு என்று குறைந்து, நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று முன்னால் அப்படியே அடங்கிவிடும்.

கை என்ன செய்ய வேண்டும்? முனை பிரிட்ஜ் பக்கம் சாயும் ஸ்லாண்டுக்குக் கை ஓரளவு ஒத்துழைக்கும். முழங்கையிலிருந்து முன்கை இயல்பாகவே அப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது. ஆனால் கை பிரிட்ஜை நோக்கிப் போகப் போக முன்கை மேலும் சாய்கிறது. தேவைப்படும் சாய்வோ குறைந்துகொண்டே வருகிறது. எனவே பெருவிரல், பாரின் பின்முனையை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்ச் சாய்வு இன்னும் கடினம். அதில் பாரின் பின்முனை பிரிட்ஜ் பக்கமும் நுனி நட்டுப் பக்கமும் போகும். பெருவிரலால் பின்முனையைத் தள்ளி மணிக்கட்டை உள்ளே மடக்க வேண்டும். ஆணியும் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். அப்புறம், நடுவில் இருக்கும் மூன்றாம், நான்காம் கம்பிகளை மீட்டிவிடாதீர்கள். சாய்ந்த பாரின் கீழ் அவை இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கோ நிற்கும், எந்த ஸ்வரத்திலும் சேராது. பெரும்பாலான ஸ்லாண்டுகள் இரண்டு கம்பிகளோடு நின்றுவிடுவது இதனால்தான்.

1920-களிலும் முப்பதுகளிலும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹவாய்க் கலைஞர் சோல் ஹூபீ இந்தச் சாய்வுகளை எவ்வளவு வேகமாக வாசித்தார் என்பதைப் பழைய இசைத்தட்டுகளில் கேட்கலாம். 1953-இல் பட் ஐசக்ஸ் என்ற அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர், மீட்டிய பிறகு மிதிகட்டையை அழுத்திக் கம்பியை இழுத்து ஸ்வரத்தை மாற்றும் உத்தியை ஒரு பாட்டில் வாசித்துக் காட்டியதும் நிலைமை மாறியது. மிதித்தால் வருகிற ஒன்பதுக்கு மணிக்கட்டை ஏன் வருத்துவது என்று பெரும்பாலோர் பெடல் ஸ்டீலுக்குப் போனார்கள். ஜெர்ரி பர்ட் என்ற கலைஞரோ பெடல் இல்லாத ஸ்டீலிலேயே நின்றார். 1972-இல் ஹொனொலுலுவுக்கே குடிபோய், அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய கலையையே திரும்பக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஸ்வரங்களும் சேர்ந்து வழுக்கியபடியே ஒன்றிலிருந்து ஒன்று விலகும் அந்தக் குழைவு பெடலில் கிடைக்காது என்பது என் கருத்தும்கூட.

இதையெல்லாம் சொன்னால், "அதெல்லாம் கைராசி சார், கணக்குல வராது" என்பார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. கைராசி என்று சொல்லிவிட்டால், வராத கை தன்னைத்தானே நொந்துகொண்டு கருவியை மூலையில் வைத்துவிடும். பல வருட உழைப்பையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிடும். சி.வி. ராமன் கல்கத்தாவில் வயலினையும் வீணையையும் தம்பூராவையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு முன்பே செய்த வேலைகள் அவற்றில் பல. ஹவாயன் கிட்டார் இந்தியாவில் வேரூன்றிய ஊரும் அதே கல்கத்தாதான். இவ்வளவு பெரிய தொடக்கம் இருந்தும், இன்று நம் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் துறையும் இசைத் துறையும் ஒரே வளாகத்தில் முகம் தெரியாமல் இருக்கின்றன. இசைக்கருவிகளின் இயற்பியலுக்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. ஒரு ஒலிவாங்கி, ஒரு கணினி, ஊதியம் ஒழுங்காக வரும் இரண்டு ஆய்வு மாணவர்கள் போதும். அதற்குக்கூடப் பணம் ஒதுக்க மாட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வாசகருக்கு ஒரு வேலை சொல்கிறேன். கிட்டாரை மேசை மேல் வையுங்கள். அதே மேசையில், பிரிட்ஜுக்கு நேராக எதிர்ப்பக்கம், ஐந்தாம் கம்பியிலிருந்து 51 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பலகைத் துண்டை வைத்து ஆணி அடியுங்கள். கறுப்புத் தையல் நூலைக் கட்டி, கம்பிகளை உரசும் உயரத்தில் இழுத்துப் பிடிக்க ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் நூலை மெதுவாக நகர்த்தட்டும். நீங்கள் பாரை நூலுக்கு இணையாகத் தொடருங்கள். முதலில் மீட்டவே வேண்டாம், கை மட்டும் அந்தத் திருப்பத்தைப் பழகட்டும். ஒரு வாரம் கழித்து ஆணியைப் பிடுங்கி 71 சென்டிமீட்டரில் அடித்து, ஐந்தாம் கம்பியைக் காதால் கொஞ்சம் இறக்கிச் சேர்த்து, நடுக்கம் அடங்குகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு நூலை அவிழ்த்துவிடலாம்.