போனில் அழித்த மெயில் அலுவலகத்திலும் அழியும்

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு முந்திரி நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் பணிபுரியும் ஒருவர், கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும், அலுவலக மெயிலைத் திறந்து, பழையவை என்று பட்ட அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தார். குப்பைப் பெட்டியையும் மறக்காமல் காலி செய்தார். ஒன்றரை மாதம் கழித்து வெளிநாட்டு வாங்குநர் முந்தைய சரக்கு ஒன்றின் தரம் குறித்துக் கேள்வி எழுப்பியபோது, தூத்துக்குடியில் கப்பலேற்றியதற்கான பில் ஆஃப் லேடிங், தரச் சான்று, இரு தரப்புக் கடிதப் போக்குவரத்து ஆகிய எதுவும் அலுவலகக் கணினியிலும் இல்லை. "நான் என் போன்லதானே அழிச்சேன், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எப்படி சார் போகும்?" என்று அவர் கேட்டார். இதே கேள்வியை நாகர்கோவிலின் மருத்துவமனை அலுவலகங்களிலும், குலசேகரத்தின் ரப்பர் வணிகர்களிடமும், தக்கலைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாயால் சொல்லி அலுத்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

மெயில் உங்கள் போனில் இல்லை. அலுவலகக் கணினியிலும் இல்லை. அது சர்வரில், அதாவது மெயில் சேவை தரும் நிறுவனத்தின் மையக் கணினியில், இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு இருக்கும். நடுவில் மதில் ஓடும், இரு பக்கமும் தனித்தனிக் கப்பி தொங்கும். இந்தப் பக்கம் இறைத்தால் அந்தப் பக்கமும் நீர்மட்டம் தாழும் என்பதை அங்கே எவருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. போனுக்கும் கணினிக்கும் இடையில் நீங்கள் ஏற்படுத்திக்கொள்ளும் ஒத்திசைவும் அத்தகையதே. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையில் அமைத்தாலும், மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்சின் ஆக்டிவ்சிங்க் முறையில் அமைத்தாலும், ஒரு பக்கம் படித்த மெயில் மறுபக்கம் படித்ததாகக் காட்டப்படும். ஒரு பக்கம் வேறு கோப்புறைக்கு மாற்றியது மறுபக்கமும் மாறும். ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். படித்த அடையாளம் இரு பக்கமும் மாறுவதைக் கண்டு மகிழ்கிறவர்கள், அழித்தல் மட்டும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும் என்று எதை வைத்து நம்புகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நம்பிக்கையின் வேர் பெரும்பாலும் பழைய பாப் முறையில் இருக்கிறது. அந்த முறையில் கணினி சர்வரிலிருந்து மெயிலை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதன்பின் சர்வரில் அழித்தாலும் கணினியில் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் சேர்ந்தவர்களின் மனத்தில் மெயில் என்றால் அப்படித்தான் பதிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் மாவட்டத்தின் சிறு நிறுவனங்கள் பலவற்றில் கணினி இன்னும் பாப் முறையிலும், புதிதாக வாங்கிய போன் ஐமேப் முறையிலும் ஒரே முகவரியைப் பயன்படுத்துகின்றன. கணினியில் உள்ள அவுட்லுக், பாப் கணக்கு ஒன்றைச் சேர்க்கும்போது, சர்வரில் ஒரு நகலை விட்டுவைத்து 14 நாள் கழித்து அதை நீக்கும் அமைப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். விளைவாக, இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில்கள் போனிலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன. உரிமையாளர் போனைக் குறை சொல்கிறார், போன் கடைக்காரர் சிம் நிறுவனத்தைக் குறை சொல்கிறார், சிம் நிறுவனம் மறுபடி இயக்கிப் பார்க்கச் சொல்கிறது. கணினியின் கணக்கை ஐமேப்புக்கு மாற்றும்வரை இது தீராது. மாற்றுவதற்கு முன், கணினியில் மட்டும் தங்கிவிட்ட பழைய மெயில்களைச் சர்வருக்கு ஏற்றிவிட வேண்டும். அதை அறிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

போனில் இடம் வேண்டுமென்றால் மெயிலை அழிக்க வேண்டியதே இல்லை. ஜிமெயில் செயலியிலும், சாம்சங் மெயிலிலும், ஐபோனின் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலும், எத்தனை நாள் மெயில்களைப் போனில் வைத்திருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறது. அதை ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் என்று குறைத்தால், பழைய மெயில்கள் சர்வரில் பத்திரமாக இருக்கும், போனில் மட்டும் இறங்காது. (இதே அமைப்பை அறியாதவர்கள், மூன்று மாதத்துக்கு முந்தைய மெயில் போனில் தெரியவில்லை என்று பதறி எனக்கு இரவில் அழைப்பதும் உண்டு.) உண்மையில் நான் எடுத்துப் பார்த்த போன்களில் இடத்தைத் தின்றிருந்தவை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கக் காணொளிகளே, மெயில் தின்றது மிகச் சொற்பம். அந்தக் காணொளிகளை அழிக்க மனம் வராதவர்கள் பில் ஆஃப் லேடிங்கை அழித்துவிடுகிறார்கள்.

அழித்துவிட்டால் நாள்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்கப்பட்ட மெயிலை இயல்பாக 14 நாள் வரை மீட்கலாம். மெயில் கணக்குகளைக் கவனிக்கும் அலுவலக நிர்வாகி முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தால் 30 நாள் வரை மீட்கலாம். கூகுளில் குப்பைப் பெட்டியில் 30 நாள் கிடக்கும். நிறுவனக் கணக்காக இருந்தால், அங்கிருந்து நீங்கிய பின்னும் மேலும் 25 நாளுக்குள் நிர்வாகி மீட்டுத் தர முடியும். இணையதளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் சேவையுடன் இலவசமாக வரும் மெயில் பெட்டியில் இத்தகைய உறுதி எதுவும் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் காப்பு நகல் வைத்திருந்தால்தான் உண்டு. மேலே சொன்ன முந்திரி நிறுவனம் அந்த வகையைச் சேர்ந்தது. கப்பல் முகவரிடமும் வங்கியிடமும் கேட்டு வாங்கிய நகல்களைக் கொண்டு அவர்கள் கோப்பை ஒருவாறு ஒட்டவைத்தார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கும் ஏதேனும் செய்ய வாய்ப்பிருந்திருக்கும். பயத்தில் மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

மெயிலுக்கு அடுத்தபடியாக அதிகக் கண்ணீர் சிந்தப்படுவது தொடர்பு எண்களுக்காக. அலுவலகக் கணக்கைப் போனில் சேர்க்கும்போது, தொடர்புகளையும் நாள்காட்டியையும் சேர்த்து ஒத்திசைக்கட்டுமா என்று போன் கேட்கும். படிக்காமல் சரி என்று அழுத்துவோம். அதன்பின் புதிதாகச் சேமிக்கும் எண்கள், நாம் கவனிக்காவிட்டால், அலுவலகக் கணக்கிலேயே போய்ச் சேரக்கூடும். வேலையை விட்டு விலகி அந்தக் கணக்கைப் போனிலிருந்து எடுக்கும் நாளில், மைத்துனர் எண் முதல் எரிவாயு ஏஜென்சி எண் வரை எல்லாம் அதனோடு மறைகின்றன. நிறுவனம் பழிவாங்கிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். எவரும் பழிவாங்கவில்லை. ஆண்ட்ராய்டு போனில், புதிய தொடர்பைச் சேமிக்கும் திரையின் மேற்புறத்தில் அது எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். அதை ஒரு முறை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அமைக்கும் முறைக்கு வருகிறேன். உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுளின் சேவையைப் பயன்படுத்தினால், முகவரியைக் கொடுத்தவுடன் மீதியைப் போனே கண்டுபிடித்துக்கொள்ளும். உள்நுழையும் பக்கம் திறக்கும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கேட்கும், அவ்வளவே. பழைய யூடியூப் காணொளியைப் பார்த்து சர்வர் பெயரையும் கடவுச்சொல்லையும் கையால் இட்டுப் போராடாதீர்கள்: எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு இணையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கிவிட்டது. மிகப் பழைய போனில் உள்ள மெயில் செயலி இணைய மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்தப் போன் அவுட்லுக் செயலியை ஏற்றால், அதை நிறுவித் தீர்க்கலாம். ஹோஸ்டிங் மெயிலாக இருந்தால் உள்வரும் ஐமேப்புக்கு 993, வெளிச்செல்லும் மெயிலுக்கு 465 அல்லது 587 என்ற போர்ட் எண்கள் வேண்டும். வெளிச்செல்லும் பகுதியிலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட மறவாதீர்கள். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அமைக்கும்போது சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் நம்பத்தகுந்ததன்று என்ற எச்சரிக்கை வந்தால், எல்லாச் சான்றிதழ்களையும் ஏற்றுக்கொள் என்ற தெரிவைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள். பெரும்பாலும் சர்வர் பெயர் தவறாக இடப்பட்டிருக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் தந்த சரியான பெயரை இட்டால் எச்சரிக்கை போய்விடும். எல்லாவற்றையும் ஏற்கச் சொல்லி வைத்துவிட்டால், பிற்பாடு பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ உள்ள பொது வைஃபையில் எவரேனும் உங்கள் சர்வர் போல நடித்தாலும் போன் வாய்திறக்காது, கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்லும்போது கோபத்தை அடக்க முடியவில்லை. நாகர்கோவிலில் மணிமேடைப் பக்கத்திலோ வடசேரியிலோ போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டச் சென்ற இடத்தில், கடைப் பையனிடம் அலுவலக மெயிலையும் போட்டுத் தரச் சொல்லி, கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அந்தச் சீட்டு மேசையில் கிடக்கும். உங்கள் மெயிலுக்குள் நுழைந்த ஒருவர், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிய பில்லை உங்கள் பெயரிலேயே வாங்குநருக்கு அனுப்பினால், பணம் எங்கோ போய்ச் சேரும். அப்படி நேர்ந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சிலருக்கு எதிர்த்திசையில் அச்சம்: கணக்கைச் சேர்க்கும்போது, இந்தச் சாதனத்தை நிர்வகிக்க அனுமதி வேண்டும் என்று போன் கேட்பதைப் பார்த்து, மேலாளர் தம் புகைப்படங்களைப் பார்ப்பார் என்று அஞ்சுகிறார்கள். ஆக்டிவ்சிங்க் வழியாக நிர்வாகி உங்கள் படங்களையோ வாட்ஸ்அப்பையோ பார்க்க முடியாது. திரைப் பூட்டைக் கட்டாயமாக்கலாம். போன் தொலைந்தால் தொலைவிலிருந்து அழிக்கலாம். இந்த இரண்டாவதை மட்டும் கவனியுங்கள். போனோடு வந்த மெயில் செயலியில் கணக்கு இருந்தால், அந்தக் கட்டளை முழுப் போனையும், குழந்தையின் படங்கள் உட்பட, வெறுமையாக்கிவிடக்கூடும். அவுட்லுக் செயலியில் இருந்தால் அந்தச் செயலியில் உள்ள நிறுவனத் தரவு மட்டும் போகும். ஆண்ட்ராய்டில் தனிப் பணிப் பகுதியாக அமைத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் போகும். சொந்தப் போனில் அலுவலக மெயில் வேண்டுவோர் இவ்விரண்டில் ஒன்றையே கேட்டு வாங்குங்கள். நிறுவன உரிமையாளர்களும் இதைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது முறை.

போன் தொலைந்தால் முதலில் அலுவலக நிர்வாகியிடம் சொல்லுங்கள். காவல் நிலையப் புகாரும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ அடையாள எண்ணை முடக்குவதும் உடனே அடுத்ததாக நடக்கட்டும். அழிக்கும் கட்டளை போனைச் சென்றடைய இணையம் வேண்டும், கணக்கும் இயங்க வேண்டும். நீங்களே அவசரப்பட்டுக் கடவுச்சொல்லை மாற்றினால், போன் சர்வரோடு பேசுவதையே நிறுத்திவிடும். கட்டளை வாசலிலேயே நின்றுவிடும். எதை முதலில் செய்வது என்பதை நிர்வாகி முடிவு செய்யட்டும்.

சாதாரண நாளில் கடவுச்சொல்லை மாற்றும்போது, போனிலும் டேப்லெட்டிலும் அதே நேரத்தில் மாற்றுங்கள். குழந்தை விளையாடக் கொடுத்த பழைய போன் ஒன்று பழைய கடவுச்சொல்லோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்து, காலையில் கணக்கையே பூட்டிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள், பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்குகிறவர்கள் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள்: உள்நுழைவை உறுதிசெய்யும் சரிபார்ப்புச் செயலியைப் புதிய போனில் அமைத்து, ஒரு முறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதைக் கை மாற்றுங்கள்; இங்குள்ள சிம்முக்கு ஓடிபி வரும்படி வைத்துவிட்டு ரியாத்தில் இறங்கி என்னை அழைக்காதீர்கள்.

உதவி கேட்டு எழுதும்போது போனின் மாடல், செயலியின் பெயர், திரையில் தோன்றிய பிழைச் செய்தியின் படம், அது எப்போது தொடங்கியது என்ற விவரம் ஆகியவற்றை அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எனக்கு அது தேவையே இல்லை.