ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

"ஒரு கப் கோதுமை மாவு எத்தனை கிராம்னு தேடினா ஒருத்தர் 120ங்குறார், இன்னொருத்தர் 150ங்குறார், யாரை நம்புறது?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரெண்டு பேரையும் நம்பலாம், ரெண்டுமே சரிதான்.

கப்பை மில்லிலிட்டரா மாத்துறது வெறும் பெருக்கல், எந்த நாட்டு கப்புன்னு தெரிஞ்சா போதும். ஆஸ்திரேலியாவுல 250, ஜப்பான்ல 200, அமெரிக்காவுல 236.6. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15, ஆஸ்திரேலியாவுல 20. தண்ணி, எண்ணெய்னா இதை அடர்த்தியால பெருக்கினா கிராம் வந்துடும், வேலை முடிஞ்சுது.

மாவுல அப்படி முடியாது. மாவுத் துகளோட சொந்த அடர்த்தி தண்ணியை மாதிரி சுமார் ஒன்றரை மடங்கு. அப்ப அமெரிக்க கப்புல துளி காத்து இல்லாம நிரப்பினா 350 கிராம் வரணும். வர்றதோ 120. அதாவது கப்புல மூணுல ரெண்டு பங்கு காத்துதான்! உப்புல இவ்வளவு காத்து கிடையாது, பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

ஏன்? எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதான். துகள் சின்னதாக ஆக எடை, ஆரத்தோட மூணாவது அடுக்குல குறையும். ஆனா துகளும் துகளும் ஒட்டிக்க வைக்கிற வான் டெர் வால்ஸ் விசை இருக்கே, அது ஏறக்குறைய ஆரத்தோட நேர் விகிதத்துலதான் குறையும். ஆரத்தைப் பாதியாக்கினா எடை எட்டுல ஒண்ணாயிடும், ஒட்டு பாதியாத்தான் ஆகும், அப்ப எடையோட வச்சுப் பார்த்தா ஒட்டு நாலு மடங்கு பலமாயிடுது. உப்புக்கல் சுமார் 0.3 மி.மீ., அதுல எடைதான் ஜெயிக்கும், விழுந்ததும் உருண்டு பள்ளம் பார்த்து உக்காந்துடும். மாவுல இருக்குற ஸ்டார்ச் மணி அதுல பத்துல ஒண்ணுகூட தேறாது, விழுற வழியில எது மேல படுதோ அங்கேயே ஒட்டிக்கும், உருளாது. இப்படி ஒட்டி ஒட்டி குட்டிக் குட்டி வளைவா எழும்பி, கீழ ஓட்டை ஓட்டையா நிக்குது. கப்பைத் தட்டினா வளைவெல்லாம் சரிஞ்சு மட்டம் இறங்குது, திரும்ப ரொப்பினா 150 கிராம். டப்பாவை நேத்து யார் குலுக்கினாங்கங்குறதுகூட இன்னைக்கு எடையில தெரியும்.

மருந்து மாத்திரையில இருந்து சிமென்ட் வரைக்கும் எல்லாத்துக்கும் அடிப்படை இந்தப் பொடி இயற்பியல்தான், ஆனா கருந்துளைக்குக் கிடைக்கிற கைத்தட்டல் இதுக்குக் கிடைக்கிறதில்ல, நிதி குடுக்குறவங்களும் இதை சில்லறை விஷயமா பாக்குறாங்கன்னு எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. சில்லறையா? ஒரே அளவு உருண்டைகளை எப்படி அடுக்கினாலும் இடத்துல சுமார் 74 சதவீதத்துக்கு மேல நிரப்ப முடியாதுன்னு வானியல் அறிஞர் கெப்ளர் 1611ல ஊகிச்சார், கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் அதுக்கு நிரூபணம் அறிவிச்சது 1998ல! அதுவும் ஒட்டாத, ஒழுங்கான உருண்டைக்கு.

எடை மெஷின் இருந்தா கப்பை மறந்துடுங்க. இல்லாதவங்க டப்பாவுல மாவைக் கிளறி விட்டுட்டு, ஸ்பூனால கப்புல மெதுவா போட்டு, மேல கத்தியால வழிச்சுடுங்க, 120 பக்கத்துல வரும். கப்பை நேரா மாவுக்குள்ள விட்டு அள்ளினா அமுங்கிடும், வழிக்கிறதுக்கு முன்னாடி தட்டவும் வேணாம்.